வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்க ஆன்லைனில் புக் பண்ணுகிறீர்களா? இதையெல்லாம் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்

ஆன்லைனில் பிளட் டெஸ்ட் புக் பண்ணுவதில் ஒரு சிரமமும் இல்லை. ஆப்பைத் திறந்து, டெஸ்ட்டைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால் மறுநாள் விடிகாலையில் ஒருவர் பையோடு வாசலில் வந்து நிற்பார். சிரமம் எல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும்தான். எந்த டெஸ்ட் உண்மையிலேயே தேவை, ரத்தத்தைச் சரியாக எடுத்தார்களா, எடுத்தது எத்தனை மணி நேரம் கழித்து எந்த ஊர் லேபுக்குப் போனது, வந்த ரிப்போர்ட்டை எவ்வளவு நம்பலாம், இவற்றை ஆப் சொல்லாது. எங்கள் குடும்பத்தில் பெரியப்பா காரைக்குடியில், அத்தை கும்பகோணத்தில், அம்மா என்னோடு சென்னையில். யாருக்கு டெஸ்ட் என்றாலும் புக் பண்ணுவது நான்தான். சித்தி மகள் லேப் டெக்னீஷியன். அவளைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது பாதி, அக்கம்பக்கத்தில் நடந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டது மீதி. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு புக் பண்ணுகிறவர்களை மனதில் வைத்துத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன், ஏனென்றால் ரத்தம் எடுக்கும்போது அவர்கள் பக்கத்தில் இருக்க முடியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் இழுப்பது, நிற்காத வாந்தியோடு காய்ச்சல், இதற்கெல்லாம் வீட்டு சாம்பிள் புக் பண்ணிவிட்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எதற்காக டெஸ்ட் என்று முதலில் முடிவு பண்ணுங்கள்

ஆப்பைத் திறக்கும் முன் ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இந்த டெஸ்ட்டில் என்ன வந்தால் நான் என்ன செய்யப் போகிறேன்? அப்பாவுக்கு டாக்டர் சர்க்கரை மாத்திரையைக் கூட்டியிருக்கிறார், மூன்று மாதம் கழித்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றால் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரை) போதும். அக்காவுக்கு எப்போதும் களைப்பு, முடி கொட்டுகிறது, மாதவிடாய் அதிகம் போகிறது என்றால் சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), ஃபெரிட்டின் (இரும்புச் சத்து இருப்பு), டிஎஸ்எச் (தைராய்டு), இந்த மூன்றில் பெரும்பாலும் ஒரு பிடி கிடைத்துவிடும். முடிந்தால் குடும்ப டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவர் எழுதிக் கொடுத்ததை மட்டும் புக் பண்ணுங்கள். இப்படி ஒரு கேள்வி இல்லாமல் ஆப்புக்குள் போனால் நேராக பேக்கேஜில் கொண்டுபோய் விட்டுவிடும்.

பேக்கேஜைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ‘80-க்கும் மேல் டெஸ்ட், இன்று மட்டும் பாதி விலை’ என்று வரும் விளம்பரத்தில் அந்த 80 எப்படி வருகிறது என்று ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டால் அப்புறம் அது உங்களை அசைக்காது. சிபிசி என்பது ஒரு டியூப், ஒரு மெஷின், ஒரே ஓட்டம். ஆனால் ஹீமோகுளோபின், வெள்ளணு, ஒவ்வொரு வகை வெள்ளணுவின் சதவீதம், அதே வகைகளின் எண்ணிக்கை, எம்சிவி, எம்சிஎச் என்று இருபது வரிக்கு மேல் வரும், பேக்கேஜ் கணக்கில் அதெல்லாம் தனித்தனி டெஸ்ட். கொழுப்பில் மொத்தக் கொலஸ்ட்ரால், எச்டிஎல், ட்ரைகிளிசரைடு மூன்றையும் அளந்துவிட்டால் விஎல்டிஎல் பெரும்பாலும் ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்த எண்தான். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லையும் பல லேப்கள் கழித்தல் கணக்கில்தான் போடுகின்றன. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது, அப்போது நேரடியாக அளந்த எல்டிஎல் கேட்க வேண்டும். அதற்குக் கீழே வரும் விகிதங்கள் எல்லாம் வகுத்தல் கணக்கு. ஈரல் டெஸ்ட்டில் குளோபுலின், மறைமுக பிலிருபின், சிறுநீரகத்தில் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற அளவு) இவையும் கணக்குப் போட்டு வருபவைதான். கணக்குப் போட்டுச் சொல்வதில் தப்பில்லை, டாக்டருக்கு அதெல்லாம் வேண்டும். ஆனால் எண்ணிக்கையைக் காட்டி விலை சொல்வதற்கு நாம் மயங்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். ரிப்போர்ட்டில் போடும் நார்மல் எல்லை என்பது பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேருக்கு வரும் அளவு. அப்படியென்றால் ஒரு நோயும் இல்லாத இருபது பேரில் ஒருவருக்கு அது எல்லை தாண்டித்தான் வரும். ஒன்றையொன்று சாராத 20 டெஸ்ட்களை ஒரே ஆளுக்குச் செய்தால், அவர் முழு ஆரோக்கியமாக இருந்தாலும் ஒன்றாவது எல்லை தாண்டி, தடித்த எழுத்தில் வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 80 வரி பேக்கேஜ் எடுத்தவர்கள் எல்லோருக்கும் ‘ஏதோ ஒண்ணு ஜாஸ்தி’ என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் கூகுளில் தேடுவது, அப்புறம் மறுபடி டெஸ்ட், ஸ்கேன் என்று போவது, இதைப் பக்கத்து வீட்டிலேயே பார்த்திருக்கிறேன், பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

விலை உயர்ந்த பேக்கேஜ்களில் புற்றுநோய்க் குறியீடு என்று சிஏ 125, சிஇஏ எல்லாம் சேர்த்திருப்பார்கள். எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்குப் புற்றுநோய் இருக்கிறதா என்று துழாவ இவை ஏற்றவை இல்லை. சிஏ 125 மாதவிடாய் நேரத்திலும் ஏறும், ஃபைப்ராய்டு, எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும் ஏறும். சிஇஏ புகைபிடிக்கிறவர்களுக்கு ஏறியிருக்கும். நார்மலாக வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தம் ஆகாது. ஆண்களுக்கான பிஎஸ்ஏ (ப்ராஸ்டேட் சுரப்பி) டெஸ்ட்டை டாக்டரோடு பேசி முடிவெடுங்கள். எடுப்பதானால் அதற்கு முந்தைய இரண்டு நாள் நீண்ட சைக்கிள் ஓட்டமும் உடலுறவும் வேண்டாம். காய்ச்சல் பேனலில் டைபாய்டுக்காக வரும் வைடால் டெஸ்ட்டும் அப்படித்தான், முன்பு எப்போதோ வந்த தொற்றுக்கும் தடுப்பூசிக்கும்கூட பாசிடிவ் காட்டும். டைபாய்டா என்று உறுதியாகத் தெரிய ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது)தான் கொடுக்க வேண்டும்.

நாற்பது தாண்டிய, வேறு தொல்லை இல்லாத ஒருவருக்கு வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின், சிபிசி, ஒரு சாதாரண சிறுநீர் டெஸ்ட், இதற்கு மேல் தேவைப்பட்டால் டாக்டர் சொல்லட்டும் என்பது என் அபிப்பிராயம். ரத்த அழுத்தத்தை எந்த டியூபாலும் அளக்க முடியாது, அதை மறந்துவிடாதீர்கள். சர்க்கரையும் பிரஷரும் மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்ப்பார்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். எச்ஐவி டெஸ்ட் என்றால் அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். காசு கிடையாது, ரகசியம் காப்பார்கள், டெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் உட்கார வைத்துப் பேசுவார்கள். எச்ஐவி டெஸ்ட்டை உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் செய்யக் கூடாது என்று 2017-ம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

லேபைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

நீங்கள் புக் பண்ணும் ஆப் வேறு, ரத்தம் எடுக்க வருபவர் வேறு, டெஸ்ட் செய்யும் லேப் வேறாக இருக்கலாம். மூன்றும் ஒரே நிறுவனமாகவும் இருக்கலாம். கோவைப் பக்கம் பிறந்த வேலுமணி 1996-ல் தொடங்கிய தைரோகேர், நாடு முழுவதிலிருந்தும் சாம்பிள்களை விமானத்தில் நவி மும்பைக்குக் கொண்டுபோய் ஒரே இடத்தில் ராத்திரியோடு ராத்திரியாக டெஸ்ட் செய்துதான் விலையைக் குறைத்துக் காட்டியது. 2021-ல் பார்ம்ஈஸி ஆப்பின் தாய் நிறுவனம் அதன் பெரும்பங்கை வாங்கியது. மொத்தமாகச் செய்தால் விலை குறையும் என்பது நியாயமான விஷயம்தான். நாம் கவனிக்க வேண்டியது தூரம். தைராய்டு, வைட்டமின் டி, எச்பிஏ1சி போன்றவை சரியாகக் குளிர்வித்து அனுப்பினால் பயணத்தைத் தாங்கும். இஎஸ்ஆர் (சிவப்பணுக்கள் அடியில் படியும் வேகம்), பொட்டாசியம், ரத்தம் உறையும் நேரம் பார்க்கும் டெஸ்ட்கள் அவ்வளவு தாங்காது. அறை வெப்பத்தில் வைத்த ரத்தத்தில் இஎஸ்ஆரை 4 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். கும்பகோணத்தில் எடுத்து சென்னைக்குப் போய்ச் சேரும் சாம்பிளில் இதெல்லாம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அத்தைக்கு இந்த மாதிரி டெஸ்ட் என்றால் நான் ஆன்லைனில் தேடுவதே இல்லை, அதே ஊரில் சொந்த மெஷின் வைத்திருக்கும் லேபுக்கு ஆட்டோ வைத்துப் போகச் சொல்லிவிடுவேன்.

என்ஏபிஎல் (லேப்களுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கும் தேசிய அமைப்பு) முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அந்த அங்கீகாரம் ஒரு நிறுவனம் முழுமைக்கும் கிடையாது. ஒவ்வொரு லேப் கட்டிடத்துக்கும் தனி, அந்த லேபிலும் எந்தெந்த டெஸ்ட்டுக்கு என்று தனிப் பட்டியல் உண்டு. முத்திரைக்குக் கீழே எம்சி என்று தொடங்கும் ஒரு எண் இருக்கும், அதை என்ஏபிஎல் தளத்தில் போட்டால் பட்டியலும் காலாவதி தேதியும் கிடைக்கும். கஸ்டமர் கேரில் நான் கேட்பது இரண்டே கேள்வி: என் சாம்பிள் எந்த ஊர் லேபில் டெஸ்ட் ஆகும்? நான் கேட்கும் டெஸ்ட் அந்த லேபின் என்ஏபிஎல் பட்டியலில் இருக்கிறதா? பதில் தெரியாமல் மழுப்பினால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன்.

அந்த கஸ்டமர் கேர் எண்ணையும் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். பெரிய லேப்களின் பெயரில் போலி எண்ணைப் போட்டு வைத்து, ‘புக்கிங் உறுதி செய்ய ஐந்து ரூபாய் அனுப்புங்க’ என்று ஒரு லிங்க் அனுப்பி கணக்கைக் காலி செய்கிற கூட்டம் இருக்கிறது. ஆப்புக்குள்ளேயோ பழைய ரிப்போர்ட்டிலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு மட்டும் பேசுங்கள்.

புக் பண்ணும்போதும் முந்தின நாள் ராத்திரியும்

பெயர், வயது, ஆணா பெண்ணா, இந்த மூன்றும் நோயாளியினுடையதாக இருக்க வேண்டும். பணம் கட்டுவது மகன் என்பதால் ஆப்பில் மகன் பெயரிலேயே புக் ஆகி, 72 வயது அம்மாவின் ரிப்போர்ட் ‘ஆண், 41’ என்று வரும் கூத்து அடிக்கடி நடக்கிறது. ஹீமோகுளோபின், கிரியேட்டினின், ஃபெரிட்டின் எல்லாவற்றுக்கும் நார்மல் எல்லை ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு, இஜிஎஃப்ஆர் கணக்கிலோ வயதும் பாலினமும் நேரடியாகவே சேரும், அதனால் ரிப்போர்ட்டே தப்பாகிவிடும். கர்ப்பிணி என்றால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். ஃபோன் எண் இடத்தில் வீட்டில் இருப்பவர் எண்ணைக் கொடுங்கள், துபாய் எண்ணைக் கொடுத்தால் வாசலில் நிற்பவர் யாரைக் கூப்பிடுவார்?

ஃபாஸ்டிங் என்றால் 8 முதல் 12 மணி நேரம். சாதாரணத் தண்ணீர் குடிக்கலாம், குடிக்க வேண்டும், நாக்கு வறண்டு கிடந்தால் நரம்பு அகப்படாது. காபி, டீ, கருப்பட்டிக் காபி, வெற்றிலை பாக்கு எதுவும் கூடாது. ‘ஒரு வாய் காபிதானேப்பா’ என்பார்கள் பெரியவர்கள், அந்த ஒரு வாய் காபியில் பாலும் சர்க்கரையும் இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். எச்பிஏ1சி, சிபிசி, கிரியேட்டினின் போன்றவற்றுக்கு ஃபாஸ்டிங் தேவையே இல்லை, அதனால் இவை மட்டும் என்றால் பெரியவர்களைப் பட்டினி போடாதீர்கள்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ஃபாஸ்டிங் நீண்டால் ஆபத்து. வருகிறவர் தாமதம் செய்வதுதான் இந்தச் சேவையில் எல்லோரும் சொல்லும் முதல் குறை. ஆறரைக்கு வர வேண்டியவர் ஒன்பது மணிக்கு வந்தால், ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் 13 மணி நேரமாக வெறும் வயிற்றில் இருக்கிறார் என்று அர்த்தம். அதனால் அன்றைய முதல் ஸ்லாட்டை எடுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது, அதை எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விஷயத்தை வீட்டில் எழுதியே ஒட்டிவிடுங்கள்: கை நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்தால் டெஸ்ட்டை விட்டுவிட்டு உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும்; எட்டரைக்கும் ஆள் வரவில்லை என்றால் கேன்சல் பண்ணிவிட்டுச் சாப்பிட வேண்டும். பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

சாப்பிட்ட பிறகு எடுக்கும் சர்க்கரைக்கு இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் வைத்ததிலிருந்து கணக்கு. வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொள்ள வேண்டும். டெஸ்ட்டுக்குப் பயந்து அரை இட்லியோடு எழுந்துவிட்டால் எதற்கு டெஸ்ட்? இதற்கு இரண்டாவது முறை ஆள் வர வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமா, வருவது அதே ஆள்தானா, எத்தனை மணிக்கு என்பதை புக் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள். ‘பதினோரு மணிக்குள்ள வந்துடுவாங்க’ என்ற பதில் இந்த டெஸ்ட்டுக்குப் பயன்படாது. கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் டெஸ்ட்டும் இதே மாதிரி நேரம் தவறக் கூடாதது, ஆஸ்பத்திரியிலேயே செய்துவிடுங்கள்.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அன்று ரத்தம் கொடுத்த பிறகு போடலாம். டிஎஸ்எச் விடிகாலையில் அதிகமாகவும் மதியத்தில் குறைவாகவும் இருக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொடுத்தால்தான் பழையதோடு ஒப்பிட முடியும். முடி வளர, நகம் வளர என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் என்ற பி வைட்டமின் இருக்கிறதா என்று பாருங்கள். அது உடம்புக்கு ஒன்றும் செய்யாமலேயே தைராய்டு ரிப்போர்ட்டை மட்டும் புரட்டிப் போடும், இல்லாத தைராய்டு கோளாறு இருப்பதுபோலக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. டெஸ்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். பி12 ஊசி போட்ட சில வாரங்களுக்கு பி12 அளவு பார்ப்பது வீண். காய்ச்சல், சளி இருக்கும்போது வருடாந்தர செக்கப் வேண்டாம், ஃபெரிட்டின் ஏறியும் கொலஸ்ட்ரால் இறங்கியும் நிற்கும்.

ரத்தம் எடுக்கும் அந்தப் பத்து நிமிடம்

சித்தி மகள் அடிக்கடி சொல்வது, லேபில் நடக்கும் தப்பைவிட லேபுக்கு வருவதற்கு முன் நடக்கும் தப்புதான் அதிகம் என்று. அதனால் இந்தப் பத்து நிமிடத்தில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். மகனோ மகளோ வெளிநாட்டில் என்றால் வீடியோ காலில் இருங்கள், தப்பே இல்லை. வருகிறவர்கள் பாவம், விடிகாலை ஐந்து மணிக்கு வண்டியை எடுத்து வீடு வீடாக ஓடுகிறார்கள், அவர்களைச் சந்தேகப்படும் குரலில் கேட்காமல் ‘தம்பி, ஒரு நிமிஷம் காட்டிட்டு எடுங்க’ என்று தன்மையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

வந்தவுடன் அவரே நோயாளியின் முழுப் பெயரையும் வயதையும் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லி, அவர் கையில் இருக்கும் ஃபோனில் சரிபாருங்கள். கையைச் சுத்தம் செய்து புதுக் கையுறை போடுவது, ஊசியின் சீலை உங்கள் கண்ணெதிரே உடைப்பது, இரண்டும் கட்டாயம். கையில் ரப்பர் பட்டையைக் கட்டினால் ஒரு நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது. பட்டையை இறுக்கிக் கட்டி ‘கையை மூடித் திறங்க, மூடித் திறங்க’ என்று பம்ப் பண்ணச் சொன்னால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்திவிட்டார் என்றால் மூன்றாவதுக்குச் சம்மதிக்காதீர்கள், வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம்) இருக்கும் கையிலும், மார்பக அறுவை செய்த பக்கத்துக் கையிலும் எடுக்க விடக் கூடாது.

அப்புறம் டியூப்கள். மூடியின் நிறத்தைப் பார்த்தாலே போதும். ஊதா மூடி சிபிசிக்கும் எச்பிஏ1சிக்கும். மஞ்சள் அல்லது சிவப்பு மூடி கொழுப்பு, ஈரல், சிறுநீரகம், தைராய்டு, வைட்டமின்களுக்கு. சாம்பல் மூடி சர்க்கரைக்கு. வெளிர்நீலம் ரத்தம் உறையும் டெஸ்ட்டுக்கு, அதில் கோடு வரை ரத்தம் நிரம்பியே ஆக வேண்டும், குறைந்தால் ரிப்போர்ட் தப்பு. சர்க்கரை டெஸ்ட் இருந்து சாம்பல் மூடி இல்லை என்றால் கேளுங்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், டியூபில் அடைபட்ட பிறகும் ரத்த அணுக்கள் அதில் இருக்கும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், சாதாரண டியூபில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். ஃபாஸ்டிங்கில் 130 இருந்தவரின் ரத்தம் மூன்று மணி நேரம் வெயிலில் பையில் சுற்றினால் 110-க்குப் பக்கத்தில் வந்துவிடும். 126-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்ற கோட்டுக்கு மேலே இருக்க வேண்டிய ஆள், ‘பார்டர்தான்’ என்று சந்தோஷமாக ஜாங்கிரி சாப்பிடுவார்.

ஊதா டியூபில் எடுத்ததும் மெதுவாக எட்டுப் பத்து முறை தலைகீழாகப் புரட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. புரட்டவில்லை என்றால் உறைந்துவிடும், மறுநாள் ‘சாம்பிள் கிளாட் ஆகிடுச்சு, திரும்ப வர்றோம்’ என்று ஃபோன் வரும். குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடையும். ஒரு டியூபில் குறைகிறது என்று ஊதா டியூபில் இருந்து மஞ்சளுக்கு ஊற்றுவதை எங்காவது பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஊதாவில் இருக்கும் ஈடிடிஏ என்ற மருந்து பொட்டாசியம் உப்பாக இருப்பதால், ஒரு சொட்டு கலந்தாலும் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறி கால்சியம் இறங்கிவிடும்.

ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் கடைசி, ஆனால் பெரிய தப்பு அங்கேதான் நடக்கும். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் ஒரே காலையில் எடுத்தால், இரண்டு பேரையும் எடுத்து முடித்து வாசலில் வண்டி மேல் வைத்து ஒட்டுவார்கள். ‘தம்பி, ஒருத்தருக்கு எடுத்ததும் இங்கேயே ஒட்டிடுங்க, அப்புறம் அடுத்தவருக்கு எடுக்கலாம்’ என்று சொல்லுங்கள். டியூபில் இருக்கும் பெயரையும் பார்கோடையும் ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பல வருடமாக ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடும் மனைவிக்கு ஹீமோகுளோபின் 15 என்றும் திடகாத்திரமான கணவருக்கு 9 என்றும் வந்து, கணவரை ரத்தக்கசிவு இருக்கிறதா என்று எண்டோஸ்கோபி வரை கொண்டுபோய்விட்டார்கள். டியூப் மாறியிருந்தது.

பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொல்வார்கள். மடக்காமல் நீட்டியபடியே இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், ரத்தம் கன்றிப் போகாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கொஞ்ச நேரம். ஊசியை அவர் கெட்டியான டப்பாவில் போட்டு எடுத்துப் போக வேண்டும், உங்கள் குப்பைக் கூடையில் போடக் கூடாது. கடைசியாக ஒரு கேள்வி: ‘இன்னும் எத்தனை வீடு போகணும், எத்தனை மணிக்கு லேபுக்குப் போவீங்க?’

ரிப்போர்ட் வந்ததும்

எண்களுக்கு முன்னால் மேலே மூலையில் இருக்கும் மூன்று நேரங்களைப் பாருங்கள்: சாம்பிள் எடுத்த நேரம், லேப் வாங்கிய நேரம், ரிப்போர்ட் கொடுத்த நேரம். எடுத்த நேரம் உங்கள் வீட்டில் எடுத்த நேரத்தோடு பொருந்துகிறதா? எடுத்ததற்கும் வாங்கியதற்கும் எத்தனை மணி நேரம்? காலை 7-க்கு எடுத்து மாலை 4-க்கு லேப் வாங்கியிருந்தால், அந்த ரிப்போர்ட்டின் பொட்டாசியத்தையும் சர்க்கரையையும் நான் நம்பமாட்டேன், வைட்டமின் டி-யை நம்புவேன்.

எதிர்பாராத எண் வந்தால் மருந்தைத் தொடங்குவதற்கு முன் மறுபடி டெஸ்ட் என்பதுதான் பொது விதி. ஆனால் சில எண்களுக்குக் காத்திருக்கக் கூடாது. பொட்டாசியம் 6-ஐத் தாண்டி வந்தால் பெரும்பாலும் சிவப்பணு உடைந்ததால் வந்த பொய்யாக இருக்கலாம். ஆனாலும் உண்மையாக இருந்தால் இதயத்தை நிறுத்தக்கூடிய விஷயம், அதனால் அன்றைக்கே பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு இசிஜியும் மறு டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் டெங்கு பயத்தோடு சிபிசி எடுத்து பிளேட்லெட் (தட்டணு) 40,000 என்று வந்தால் நேரே டாக்டரிடம் போங்கள், போய்ச் சொல்லுங்கள், ‘ஸ்மியர் பார்க்க முடியுமா?’ என்று. சிலருக்கு ஊதா டியூபில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெஷின் அதைக் குறைவாக எண்ணும், ஸ்மியரில், அதாவது ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். டெங்குவுக்கு என்எஸ்1 டெஸ்ட் காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள், ஐஜிஎம் அதற்குப் பிறகு. நாள் தப்பி எடுத்த நெகட்டிவை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

எச்பிஏ1சி 5.7-க்குக் கீழே நார்மல், 6.5-லிருந்து சர்க்கரை நோய் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாதது, இரும்புச் சத்துக் குறைவு இருந்தால் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ நிறைய ரத்தம் போயிருந்தாலோ குறைவாகக் காட்டும் என்பது. அதனால் ஹீமோகுளோபின் குறைவாக உள்ளவர்களுக்கு இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள். வருடா வருடம் ஒப்பிட வேண்டும் என்றால் ஒரே லேபில் தொடருங்கள், ஒவ்வொரு லேபுக்கும் முறையும் எல்லையும் வேறு.

ரிப்போர்ட் வந்த அரை மணியில் ‘உங்க ரிப்போர்ட்ல சில வேல்யூ கவலைப்படற மாதிரி இருக்கு மேடம்’ என்று ஒரு ஃபோன் வரும். இலவச ஆலோசனை என்று தொடங்கி, வைட்டமின் மாத்திரையிலோ அடுத்த பேக்கேஜிலோ முடியும். உண்மையிலேயே ஆபத்தான எண் என்றால் லேப் டாக்டரே கூப்பிட்டு எந்த டெஸ்ட், என்ன அளவு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்வார், எதையும் விற்கமாட்டார். மற்ற ஃபோனுக்கு ‘எங்க டாக்டர்கிட்ட காட்டிக்கிறோம்’ என்று சொல்லி வைத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவர்கள்தான் பயந்துபோய் ஓடிபி வரை சொல்லிவிடுவார்கள்.

தப்பு நடந்தால் முதலில் ஆப்பில் எழுத்தில் புகார் போடுங்கள், ஃபோனில் மட்டும் பேசி விடாதீர்கள். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள்படி அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்லியாக வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்தாக வேண்டும். ஆள் வரவே இல்லை என்றால் முழுப் பணம், சாம்பிள் கெட்டுவிட்டது என்றால் இலவச மறு டெஸ்ட், எண் சந்தேகமாக இருந்தால் அதே சாம்பிளில் மறு ஓட்டம், இதை நேரடியாகக் கேளுங்கள். சில டெஸ்ட்களுக்கு சாம்பிளைக் கொஞ்ச நாள்தான் வைத்திருப்பார்கள், அதனால் அன்றைக்கே கேட்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டியூப் ஸ்டிக்கர் படம் எடுத்து வைத்திருந்தீர்களே, அது இங்கேதான் உதவும்.

ரசீதையும் ரிப்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் தடுப்புப் பரிசோதனைக்கு வருடத்துக்கு 5,000 ரூபாய் வரை காட்டலாம், பெற்றோருக்குக் கட்டியதும் இதில் சேரும், ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் செல்லும். அந்த 5,000 தனி இல்லை, இன்ஷூரன்ஸ் பிரீமியத்தோடு சேர்ந்த மொத்த வரம்புக்குள்தான் வரும்.